புது போனை அம்மாவின் கையில் கொடுத்துப் பாருங்கள்

காசிமேட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சீட்டு எடுத்த பணத்தில் அம்மாவுக்கு 17,000 ரூபாயில் ஒரு 5ஜி போனை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். அம்மா விடிகாலையில் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் தெருவோரம் கூடை வைத்து விற்கிறவர். குறை இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவார்களாம். இரண்டு நாள் ஓடிவிட்டது. "வீடியோவில் எல்லோரும் நல்ல போன் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் வேலைக்கு ஒத்துவருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது அவர் கேள்வி.

நான் புது வண்ணாரப்பேட்டையில் 14 வருடமாக போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உப்புக் காற்றையும் மீன் தண்ணீரையும் பார்த்த போன்கள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். அதனால் நேராகச் சொல்கிறேன். இந்த இரண்டு நாளும் அந்த போன் உங்கள் கையில், வீட்டு ஃபேனுக்குக் கீழே, வைஃபையில் ஓடியிருக்கும். அந்தப் பரீட்சையில் இன்றைக்கு வரும் எந்த போனும் பாஸாகிவிடும். நாளை விடிகாலையே அம்மாவோடு அனுப்பிவையுங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் கூடப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மீதி ஐந்து நாளும் அதற்குத்தான்.

அனுப்பும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்று. *#06# போட்டால் ஐஎம்இஐ என்ற, போனுக்கே உரிய அடையாள எண்கள் வரும். அவை பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு பொருந்த வேண்டும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். சில போன்களில் செட்டிங்ஸில் பேட்டரி எத்தனை சுற்று சார்ஜ் ஆகியிருக்கிறது என்றும் காட்டும். புது போனில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். முப்பது, நாற்பது என்று காட்டினால் அது யாரோ ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த போன். மேலே எதுவும் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது கூடைப் பக்கம் வருவோம்.

முதலில் ஈரக் கை. தொடுதிரை வேலை செய்வது விரலில் ஓடும் நுண்ணிய மின்னூட்டத்தை வைத்து. தண்ணீர்ச் சொட்டு ஒன்று திரையில் நின்றால் அதையும் ஒரு விரல் என்று நினைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்துவதால் தொல்லையும் கூடும். குழாய்த் தண்ணீரில் விரலை நனைத்துப் பார்ப்பதோடு விடாதீர்கள். அம்மா மீன் அலசிய கையை முந்தானையில் ஒரு தடவை துடைத்துவிட்டு, அந்தப் பாதி ஈரத்தோடு போனைத் திறக்கட்டும். பின் நம்பர் அடிக்கும்போது 4-ஐத் தொட்டால் 4 விழுகிறதா, 7-ம் சேர்ந்து விழுகிறதா? பத்து முறை செய்து பாருங்கள். இரண்டு முறை தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து முறை தவறினால் அம்மா ஒரே வாரத்தில் அந்த போனை வெறுத்துவிடுவார். ஈரக் கைக்கும் கையுறைக்கும் என்று தனி அமைப்பு சில போன்களில் இருக்கிறது, டிஸ்பிளே பகுதியில் தேடி அதையும் போட்டுப் பாருங்கள்.

கைரேகை இன்னொரு கதை. வருடக்கணக்காகச் செதில் சீவி, ஐஸ் அள்ளிய கையில் ரேகை தேய்ந்திருக்கும். உங்கள் விரலுக்கு அரை நொடியில் திறக்கிற பூட்டு அவருக்கு மூன்று தடவைக்கும் திறக்காது. திரைக்குக் கீழே ஒளியை வைத்து ரேகையைப் படம் பிடிக்கும் வகையைவிட, பக்கவாட்டுப் பட்டனில் இருக்கும் வகை இப்படிப்பட்ட கைக்குக் கொஞ்சம் ஒத்துவருகிறது. எதுவாக இருந்தாலும் ஒரே விரலை இரண்டு முறை பதியுங்கள்: கழுவித் துடைத்த விரல் ஒன்று, வேலைக்கு நடுவில் ஊறிச் சுருங்கிய விரல் ஒன்று. இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு பூட்டு திறக்கவில்லை என்று திரும்பி வந்தவர்கள் என் கடையில் மிகக் குறைவு.

வெயில். திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். பெட்டியில் 1,000 நிட்ஸ், 2,000 நிட்ஸ் என்று போட்டிருப்பது பெரும்பாலும் திரையின் ஒரு சின்னப் பகுதி சில நொடிகள் எட்டும் உச்ச வெளிச்சம். முழுத் திரையும் வெயிலில் தரும் வெளிச்சம் அதைவிட நன்றாகவே குறைவு. பதினோரு மணிக்கு, குடை நிழலுக்கு வெளியே, வாடிக்கையாளர் நீட்டும் பக்கமாகத் திருப்பி, திரையில் இருக்கும் கியூஆர் கோடும் தொகையும் கண்ணைச் சுருக்காமல் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அப்புறம் அதே வெயிலில் கால் மணி நேரம் விடுங்கள். போன் சூடானதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைத் தானே குறைக்கும். எல்லா போனும் செய்யும் வேலைதான் அது. ஐந்தாவது நிமிடத்திலேயே மங்கிவிடுகிறதா, கால் மணி நேரம் தாங்குகிறதா என்பதில்தான் போனுக்கு போன் வித்தியாசம். மே மாதத்தில் நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐபி54, ஐபி68 என்று பெட்டியில் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், 8 என்றால் அதற்கும் மேல். இந்தச் சோதனைகளை எல்லாம் நல்ல தண்ணீரில் செய்கிறார்கள். கடல் தண்ணீரும் ஐஸ் உருகிய மீன் தண்ணீரும் இந்தக் கணக்கில் வராது. போன வாரம் ஒரு போனைத் திறந்தேன், வெளியே ஒரு கீறல்கூட இல்லை. சார்ஜ் போடும் துளையை லென்ஸுக்குக் கீழே வைத்தால், வரிசையாக நிற்க வேண்டிய பொன்னிறக் கம்பிகளில் நான்கைக் காணோம். அந்த இடத்தில் பழைய செம்புக் குடத்தின் அடியில் இருப்பது போலப் பச்சைக் களிம்பு. ஈரம் இருக்கும்போதே சார்ஜரைச் செருகியிருக்கிறார்கள். உப்பு ஈரத்தில் மின்சாரம் பாய்ந்ததும் உலோகம் அரித்துப் போய்விட்டது. வாரண்டியும் கிடைக்கவில்லை. தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சின்ன ஸ்டிக்கர் போனுக்குள் இருக்கும். சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், தண்ணீரால் வந்த சேதம் பெரும்பாலான வாரண்டிகளில் சேராது.

அதனால் இந்த ஐந்து நாளில் போனைத் தண்ணீரில் முக்கிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். துளையில் ஈரம் இருக்கும்போது சார்ஜரைச் செருகினால் எச்சரிக்கை தரும் வசதி இருக்கிறதா என்று மாடலின் விவரத்தில் பாருங்கள், இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் போனைத் துடைத்து, துளையைக் கீழ்நோக்கித் தட்டி, ஒரு மணி நேரம் காற்றாட வைத்துவிட்டு அப்புறம் சார்ஜ் போடும் பழக்கத்தை முதல் நாளே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். தவிடும் தூளும் துளைக்குள் போவதுதான் மிச்சம்.

இப்போது உங்கள் கேள்விக்கே முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் 350 ரூபாய் அனுப்பிவிட்டு, "போட்டுட்டேன்மா" என்று போனைக் காட்டுகிறார். அம்மாவின் போனில் சத்தம் வர வேண்டும். வரவில்லை. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அம்மா தயங்கி, சரி போங்க என்று விட்டுவிடுகிறார். அந்தப் பணம் பெரும்பாலும் வந்திருக்கும், சில நாள் வந்திருக்காது, காட்டியது பழைய ஸ்கிரீன்ஷாட்டாகக்கூட இருக்கலாம். இதற்கு நெட்வொர்க்கை எல்லோரும் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி போனின் மென்பொருள்.

ஆண்ட்ராய்டில் 2015-ல் வந்த 6-ஆவது பதிப்பிலிருந்தே, திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் ஆப்களைத் தூங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. அவசரத் தகவலுக்கு அதில் வழியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது என்று பெயர் வாங்குவதற்காக, பல நிறுவனங்கள் அதற்கு மேலும் தங்கள் பங்குக்கு ஆப்களை அடியோடு நிறுத்திவிடுகின்றன. வீடியோவில் "பேட்டரி பிரமாதம்" என்று கேட்கிறீர்களே, அதற்கான விலையைச் சில போன்களில் இப்படித்தான் கொடுக்கிறோம்.

சோதிப்பது சுலபம். வைஃபையை அணைத்து, போனைப் பூட்டி, அம்மாவின் பையில் ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு உங்கள் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி, கடிகாரத்தைப் பாருங்கள். சத்தம் ஐந்து, பத்து விநாடியில் வந்தால் நல்லது. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி. மறுநாள் காலை, இரவெல்லாம் தொடாமல் கிடந்த பிறகு மறுபடி. தாமதமானால் உடனே போனைக் குறை சொல்லாமல், அந்தப் பணம் வாங்கும் ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோ ஸ்டார்ட் என்று இருந்தால் அனுமதியுங்கள். அண்மையில் திறந்த ஆப்கள் வரிசையில் பூட்டுப் படம் இருந்தால் பூட்டிவிடுங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, மூன்று சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு சத்தம் இரண்டு நிமிடம் கழித்து வந்தால், அந்த போன் வேறு யாருக்கு நல்லதாக இருந்தாலும் அம்மாவுக்கு ஆகாது. அந்தச் சத்தம் ஏலம் கூவுகிற இரைச்சலில் காதில் விழுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

போனில் பேசிப் பார்ப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும், எடுத்ததும் எரிய வேண்டும். விலையைக் குறைக்கச் சில போன்களில் அதற்கான சென்சாரை வைக்காமல், மென்பொருளால் ஊகித்துச் சமாளிக்கிறார்கள். என் மனைவிக்கு அப்படி ஒரு போன் வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பேச்சுக்கு நடுவே கன்னம் பட்டு மியூட் ஆகும், இல்லையென்றால் கால் கட்டாகும். ஊரிலிருந்து அவள் அம்மா "ஏன்டி பாதியிலே வைக்கிறே" என்று கோபித்துக்கொண்டார். நான் கவனித்தபோது மாற்றும் கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும் நேரம் பார்த்து, பத்து நிமிடம் தொடர்ந்து பேசுங்கள். எதிர்முனைக்கு லாரி கேட்கிறதா, அம்மா கேட்கிறாரா என்று அவர்களிடமே விசாரியுங்கள். கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டும் முன் ஒரு தடவை, ஒட்டிய பின் ஒரு தடவை. ஸ்டிக்கர் மறைத்தும் இந்தக் கோளாறு வரும்.

சிக்னலுக்கு வருவோம். நம் நாட்டில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1-ல். பெட்டியில் 5ஜி என்று இருந்தால் மட்டும் போதாது, உங்கள் சிம் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைப் பட்டைகள் போனில் இருக்க வேண்டும். 3,300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் என்78 எல்லா 5ஜி போனிலும் இருக்கும். வேகம் கொடுக்கும், சுவரைத் துளைத்து வர மாட்டேன் என்னும். ஜியோ சிம் என்றால் 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்28-ம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய நம் சந்துகளில், உள் அறையில் உதவுவது அதுதான். நீங்கள் மெட்ரோவில் போகிறவராக இருந்தால் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. தண்டையார்பேட்டை வரை சுரங்கத்தில் வரும் ரயில் அப்புறம் மேலே ஏறும். ஏறியதும் எத்தனை விநாடியில் இணைப்பு சீராகிறது என்று, அதே நிறுவன சிம் போட்ட பழைய போனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேட்டரியை முதல் மூன்று நாளில் எடை போடாதீர்கள். பழைய போட்டோக்களை வரிசைப்படுத்துவது, ஆப்களைப் புதுப்பிப்பது என்று உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். நான்காம் நாள் இரவு நூறு சதவீதம் ஏற்றி, கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் மூன்று, நாலு சதவீதம் இறங்கியிருந்தால் சரி. பத்துக்கு மேல் என்றால் எந்த ஆப் தின்கிறது என்று பாருங்கள். எதுவும் சிக்காவிட்டால் சிக்னல் பலவீனமாக இருக்கலாம், டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைக் கரைக்கும். இதை நான் வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து என் கடைக்கு வந்தவர்கள் கேட்டது ரிப்பேர் இல்லை, பவர் பேங்கில் பத்து நிமிட சார்ஜ். 5,000 எம்ஏஎச் பேட்டரி போட்ட இரண்டு போன்களில் ஒன்று ஒன்றரை நாள் நின்றது, இன்னொன்று அன்று மாலையே படுத்தது. எஃப்எம் ரேடியோ இருந்தவர்கள் டவர் போன பிறகும் செய்தி கேட்டார்கள். அதற்கு ஆன்டெனாவாக வயர் ஹெட்செட் வேண்டும், மறந்துவிடாதீர்கள். சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஓலைக் கூரைக்கோ தகரக் கூரைக்கோ கீழே மதியம் சார்ஜ் போடுவதைவிட இரவே மேல்.

ராம் என்ற தற்காலிக நினைவகத்தைப் பற்றி ஒரே வார்த்தை. "8 ஜிபி கூட 8 ஜிபி" என்று எழுதியிருந்தால் இரண்டாவது 8 ராம் அல்ல, சேமிப்பு இடத்தில் கொஞ்சத்தை ராம் மாதிரி நடிக்க விடுகிறார்கள். அதை அணைத்துவிடலாம். 128 ஜிபி போன் 119 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். சேமிப்பின் வேகத்தைப் பார்க்க, நாலைந்து ஆப்கள் அப்டேட் ஆகும்போதே பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து கேமராவில் ஸ்கேன் செய்யுங்கள். உறைந்து நின்றால், ஒரு வருடம் கழித்து வாட்ஸ்அப் நிரம்பிய பின் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி என்றால் போன் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். வீடியோக்காரர்கள் யாரும் இதைச் செய்து காட்டி நான் பார்த்ததில்லை. தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த பட்டனில் அது அடங்காது. ஒரு பெரியவரின் போனில் இரண்டு பட்டன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டிலும் "அனுமதி…" என்றே இருந்தது. ஒன்று அனுமதிப்பது, இன்னொன்று அனுமதிக்காதது, வால் மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. பாவம், எதைத் தொடுவார்? அழைப்பு வரும் திரை, பணம் அனுப்பும் திரை, அனுமதி கேட்கும் திரை, இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் பார்த்துவிடுங்கள். வெட்டுப்பட்டால் எழுத்தை ஒரு படி குறைத்துத் திரையின் அளவை மாற்றிச் சரிசெய்ய முடிகிறதா என்று முயலுங்கள்.

கேமராவுக்கு நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும், அதுவும் வாட்ஸ்அப்பில் போகும்போது சுருங்கிவிடும். வாடிக்கை வீடுகளுக்கு அம்மா காலையில் மீன் படம் அனுப்புவார் அல்லவா, அதை மட்டும் சோதியுங்கள். ஐந்து மணி விளக்கு வெளிச்சத்தில் சங்கராவை எடுத்தால் சங்கராவின் நிறத்திலேயே வருகிறதா? சிவப்பை ஏற்றிக் காட்டும் போன்கள் நிறைய. படத்தில் பளபளக்கும் மீனை நேரில் பார்த்ததும் பழசோ என்று சந்தேகப்படுவார்கள்.

கடைசியாக ஒரு மாலை உட்கார்ந்து சுத்தம் செய்யுங்கள். பூட்டுத் திரையில் ஓடும் விளம்பரப் படங்களை அணையுங்கள், நீங்கள் போடாத விளையாட்டுகளையும் கடன் ஆப்களையும் நீக்குங்கள். ஈரக் கை தவறிப் பட்டு இறங்குவது இவைதான். நீக்க விடாத ஆப் எத்தனை என்று எண்ணுங்கள், அது அந்த நிறுவனத்தின் குணத்தைக் காட்டும். செட்டிங்ஸில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி இருக்கும். ஒன்றிரண்டு மாதம் பின்தங்கியிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் பழசாக இருந்து, புதிதாக எதுவும் இறங்கவும் இல்லை என்றால் யோசிக்க வேண்டும். சாம்சங் தன் கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு வருடம் புதுப்பிப்பு என்று அறிவித்தது, அதாவது இந்த விலை அளவிலும் அது முடிகிற காரியம். உங்கள் மாடலுக்கு எத்தனை வருடம் என்று நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். அம்மா இதை நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறார், பணம் அனுப்பும் ஆப்கள் பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன.

மாற்ற வேண்டி வந்தால், "பிடிக்கவில்லை" என்றோ "மெதுவாக இருக்கிறது" என்றோ எழுதாதீர்கள். குறைக்குத்தான் மாற்றுவார்கள். காதில் வைத்தால் திரை அணையவில்லை, கால் கட்டாகிறது, திரையில் பச்சைக் கோடு வருகிறது, சார்ஜ் போட்டால் பாதியில் நிற்கிறது என்று நடந்ததை அப்படியே எழுதி, வேறு போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். ஏழாம் நாள் வரை காத்திருக்காமல் ஆறாம் நாள் மதியத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். சோதித்துப் பார்க்க ஆள் வந்தால் அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். மறுத்தால், பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். திருப்பிக் கொடுக்கும் முன் பணம் அனுப்பும் ஆப்களிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறி, போனை முழுவதும் அழித்துவிட்டு, சிம்மைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பெட்டியையும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.